செயின்ட் வின்சென்டுக்குப் போகும் வழி

திருகோணமலைக்காரி ஒருத்தி கடல் குளிக்க உலகத்தின் மறுபக்கத்துக்குப் போகப்போகிறாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. எங்கள் வீட்டிலிருந்து உப்புவெளிக்கு ஓட்டோவில் பத்து நிமிடம். நிலாவெளிக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம். எங்கள் பின்மதிலில் ஏறி நின்றால் உட்துறைமுகம் முழுக்கத் தெரியும், ஏறுவதற்கு என் முழங்கால் விடாது, அது வேறு கதை. வெள்ளைக்காரர் எத்தனையோ மணித்தியாலம் பறந்து வந்து எங்கள் மணலில் குப்புறப் படுத்துக் கிடக்கிறார்கள். நான் இங்கிருந்து புறப்பட்டு கரீபியன் தீவொன்றின் மணலில் போய்ப் படுக்கப்போகிறேனாம்.

இதற்கெல்லாம் காரணம் என் தங்கை தயாளினி. ரொறன்ரோவில் இருக்கிறாள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். நீலக் கடல், நாலு தென்னை, வெள்ளை வீடு. அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: “தையிலை எனக்கு அறுபது. பிள்ளையள் செயின்ட் வின்சென்ட் எண்ட தீவிலை கடற்கரையோடை வீடு எடுத்துத் தந்திருக்கினம். பத்து நாள். நாலு அறை இருக்கு. விரும்பின ஆக்கள் வரலாம்.”

விரும்பின ஆக்கள் வரலாம்! இது என்ன, கோயில் அன்னதானமா? ஆனால் அந்தச் செய்தி யாருக்கு என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவளைத் தவிர அந்தக் குழுவில் இருபத்தாறு பேர். இருபத்தைந்து பேரும் அவளோடு ரெலிபோனில் கதைக்கிறவர்கள், அவள் கூப்பிட நினைத்தால் நேரே கூப்பிட்டிருப்பாள். கதைக்காதவள் நான் ஒருத்திதான். காலையில் அவள் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லுவாள், நான் கைகூப்புகிற படம் போடுவேன். பதினொரு வருடமாக அக்காவுக்கும் தங்கச்சிக்கும் இடையில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

சண்டை என்று ஒன்று நடக்கவில்லை. நடந்திருந்தால் நல்லது, கத்திவிட்டு மறந்திருக்கலாம். பதினொரு வருடத்துக்கு முந்தி என் மகளுக்கும் வினோதனுக்கும் கலியாணம். எங்கள் ஆட்களிடம் அச்சடித்த கலியாணக் காட்டை மட்டும் கொடுத்தால் அது அழைப்பில்லை. புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து போக வேண்டும், கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும், எழும்பும்போது இருவருமாக நின்று “குடும்பமாய் வந்து நிண்டு நடத்தித் தாங்கோ” என்று வாயால் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ரெலிபோனில் சொல்ல வேண்டும். நானும் என் மனுசன் சோமசேகரமும் அந்த மாதம் முழுக்க அலைந்தோம். கொட்டியாரக்குடாவைக் கடந்து கட்டைபறிச்சானுக்குப் போனோம். சாம்பல்தீவில் ஒரு மாமா வீட்டுக்கு மூன்று தரம் போனோம். முதல் தரம் ஆள் வயலில், இரண்டாம் தரம் ஆஸ்பத்திரியில், மூன்றாம் தரம்தான் பிடித்தோம். வாயால் சொல்லாவிட்டால் அந்த மனிதர் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்.

தயாளினிக்கு மட்டும் காட்டைத் தபாலில் போட்டேன். ரெலிபோன் எடுக்கவில்லை. ஊராரைக் கூப்பிடுகிற மாதிரி அவளைக் கூப்பிட்டால் அவளைப் பிறத்தியாள் ஆக்கின மாதிரி இல்லையா? வீட்டுக்காரிக்கு யார் அழைப்புச் சொல்லுகிறார்கள்? அவள் வந்து நின்று, மற்றவர்களை வாங்கோ என்று சொல்ல வேண்டியவள். கலியாணத்தன்று தாலி கட்டுகிற நேரம்வரை நான் மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் வரவில்லை. மணவறைக்குப் பக்கத்தில் சின்னம்மா நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒருத்தி நின்றாள். ஏன் வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. வராதவள்தானே சொல்ல வேண்டும், நானா கேட்பது? கேட்கவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். எனக்கு அறுபத்தாறு நடக்கிறது. பதினொரு வருடம் போனது தெரியவில்லை, இன்னொரு பதினொன்று எனக்கு இருக்கிறதோ என்று யாரும் எழுதித் தரவில்லை. அவளுடைய முகத்தைப் படத்தில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்து என் கண்ணாடி இலக்கமும் கூடிவிட்டது. கடலாவது மண்ணாவது, அவள் அந்தத் தீவில் இருப்பாள் என்றால் நான் அங்கே போவேன். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கடல் குளிக்கப் போகிறேன் என்றுதான் சொன்னேன்.

“இஞ்சருங்கோ, உந்தச் செயின்ட் வின்சென்ட் எங்கை கிடக்கு?” என்று மனுசனிடம் கேட்டேன்.

சோமசேகரம் முப்பது வருடத்துக்கு மேல் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். கடல் என்று எதைக் கேட்டாலும் ஆறுதலாகத்தான் பதில் வரும். மகளுடைய பழைய தேசப்படப் புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார்.

“இஞ்சை, தென்னமெரிக்காவுக்கு மேலை. கமக்கட்டு மச்சம் மாதிரி ஒண்டு. ஆர் போறது?”

“நாங்கள்தான்.”

“என்னத்துக்கு?”

“கடல் குளிக்க.”

“நீர் கடைசியாக் கடல் குளிச்சது எப்ப?”

“போன ஆடி அமாவாசைக்கு.”

“முழங்கால் நனைஞ்சதோ?”

“உங்களோடை கதைச்சு வேலையில்லை,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கவலை வேறு. “தை மாதமோ? தைக்கடலிலை ஆர் இறங்குவான்? வாடைக்காத்துக்குக் கடல் எழும்பி நிக்கும். ஆவணியிலை வைக்கச் சொல்லும்.” நான் குசினிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் குழுவில் ஒற்றை விரலால் எழுதிப் போட்டுவிட்டார்: “தை மாதம் கடல் கூடாது. ஆவணி மாதமே உகந்தது. கடல் படுத்திருக்கும். இப்படிக்கு சோமசேகரம்.” ஏழு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். தயாளினி எதுவும் போடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குப் புட்டுக்குத் தேங்காய்ப்பூ போடாமலே அவித்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தீவு பற்றிய பைத்தியம் பிடித்தது. முப்பத்தொரு வருடம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், படிவம் பார்த்தவள் நான். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கேள்வி கேட்காமல் எனக்கு எதுவும் உள்ளே இறங்காது. பழைய கொப்பியொன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன். அங்கே தண்ணீர் எங்கள் தண்ணீரளவு உப்போ? சனம் என்ன பாஷை பேசுகிறது? மழை எந்தப் பக்கத்தால் வரும்? யூரியூப்பில் அந்தத் தீவின் கடற்கரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு காகத்தைக் காணவில்லை. காகம் இல்லாத கடற்கரையில் மீன்குடலை யார் தின்னுவது? இதையும் எழுதி வைத்தேன்.

ஒரு வீடியோவில் பெரிய மனுசி ஒருத்தி நெருப்பில் ஏதோ காயைச் சுட்டுத் தோலுரித்துப் பொரித்த மீனோடு வைத்தாள். அதுதான் அந்த நாட்டின் தேசிய உணவாம். கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஈரப்பலாக்காய்! எங்கள் வளவில் கேட்பாரில்லாமல் விழுந்து உடைகிற அதே ஈரப்பலாக்காய்.

“இதைத் தின்னவோ நாங்கள் இவ்வளவு தூரம் போறம்?” என்றார் சோமசேகரம்.

“சுட்டுத் தின்னேல்லையே நாங்கள்,” என்றேன். அன்றைக்குப் பின்னேரமே ஒன்றை அடுப்பில் சுட்டேன். வெளியில் கரி, உள்ளே மாப்போல வெந்து கிடந்தது. மனுசன் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்றார்.

அந்தத் தீவில் எரிமலையும் உண்டு, அதனால் பல கடற்கரைகளில் மணல் கறுப்பு. கறுப்பு மணல் பார்க்க வேண்டுமென்றால் புல்மோட்டைக்குப் போனால் காணும், பஸ் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க என் வியப்பு கூடிக்கொண்டே போனது. கடலும் எங்கள் கடல் மாதிரி, காயும் எங்கள் காய், மணலும் எங்கள் மணல். அப்படியென்றால் தயாளினி ஏன் அங்கே போகிறாள்? அறுபது வயதில் கடல் பார்க்க ஆசை வந்தால் பிறந்த ஊரில் இல்லாத கடலா? என் கொப்பியில் கடைசிக் கேள்வியாக அதைத்தான் எழுதினேன். அதற்கு யூரியூப்பில் பதில் இல்லை.

கடலுக்குள் என்ன உடுத்துக்கொண்டு இறங்குவது என்பது அடுத்த பிரச்சினை. எங்கள் ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் றஹ்மா இருக்கிறாள், தையல்காரி. மகள் கட்டாரில். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடி நீந்துகிற உடுப்பொன்று மகள் அனுப்பிய படத்தில் இருக்கிறது என்று காட்டினாள்.

“இதப் போட்டா ஒருத்தரும் உங்களப் பாக்க மாட்டாங்க அக்கா.”

“ஆர் இப்ப என்னைப் பாக்கப் போறாங்கள்?”

“அப்படிச் சொல்லாதீங்க. அங்க உள்ள கிழவன்மார் எப்படியோ!” றஹ்மா அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றிக்கொண்டே கேட்டாள். “தங்கச்சி உங்களை வாய் திறந்து கூப்பிட்டாவா?”

“‘விரும்பின ஆக்கள் வரலாம்’ எண்டு குழுவிலை போட்டிருக்கிறாள்.”

“அது பள்ளியில அறிவிக்கிற மாதிரியெல்லா இரிக்கி. வாயால சொல்லாம நானெண்டா போக மாட்டன்.”

“எடியே, சொந்தத் தங்கச்சி. எனக்கு அழைப்பு என்னத்துக்கு?”

சொல்லி முடித்த பிறகு அந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்க விடாமல் றஹ்மா இடுப்பளவை உரத்த குரலில் சொன்னாள், எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவள் விடவில்லை. “ரெண்டு பேரும் உங்கட ஊரும் வேணாம் அவங்கட ஊரும் வேணாம் எண்டு மூணாவது நாட்டுக்குப் போறீங்க. சமாதானப் பேச்சுவார்த்தைக்குப் போற மாதிரி. நடுவில இருந்து பேச நோர்வேக்காரனயும் கூட்டிட்டுப் போங்க,” என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு வந்தாலும் நான் சிரிக்கவில்லை.

கார்த்திகை தொடக்கத்தில், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், நானும் சோமசேகரமும் நஸ்ரியிடம் போனோம். கிண்ணியாப் பெடியன், இப்போது முப்பத்தைந்து வயதிருக்கும், பட்டணத்தில் மாடியில் விமானச் சீட்டுக் கடை வைத்திருக்கிறான். உம்றா யாத்திரைக்கும் கட்டாருக்கும் சவூதிக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தவனுக்கு எங்கள் தீவின் பெயரைக் கேட்டதும் கண் விரிந்தது. கதிரையை கொம்பியூட்டருக்குக் கிட்ட இழுத்துக்கொண்டான்.

“இந்த இடத்துக்கு என்னட்ட ஒருத்தரும் டிக்கெற் கேட்டதில்ல அன்ரி. இருங்க, பாப்பம்.”

சோமசேகரம் முந்திக்கொண்டார். “தம்பி, தையிலை கடல் எப்பிடி அங்கை? ஆவணியிலை போனா நல்லமெல்லோ?”

“ஆவணியா? ஐயோ அங்கிள், ஆனியில தொடங்கிக் கார்த்திகை மட்டும் அங்க புயல் காலம். தையில கடல் குளம் மாதிரிக் கிடக்கும்.”

மனுசனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாள் முழுக்க வாடைக்கடலோடு மல்லுக்கட்டினவர், உலகத்தில் ஒரு கடல் தைமாதத்தில் படுத்திருக்கும் என்பதை அவரால் நம்ப ஏலாமல் இருந்தது. “அப்ப அது பிழையான கடல்,” என்றார்.

“இன்னொரு நல்ல செய்தி,” என்றான் நஸ்ரி. “இலங்கைப் பாஸ்போட்டுக்கு அந்தத் தீவில விசா தேவையில்ல. போய் இறங்கலாம்.”

எனக்கு உள்ளம் துள்ளியது. தயாளினியின் முகம் இரண்டு மாத தூரத்தில் வந்துவிட்டது என்று நினைத்தேன். பையிலிருந்து கொப்பியை எடுத்து, விசா என்று எழுதியிருந்த கேள்விக்கு நேரே சரி போட்டேன். நஸ்ரி இன்னும் தட்டிக்கொண்டேயிருந்தான். தட்டத் தட்ட அவன் முகம் மாறியது. பிறகு ஒரு வெற்றுத்தாளில் கோடு போட்டுக் காட்டினான். கொழும்பிலிருந்து டுபாய், அங்கிருந்து லண்டன், அங்கிருந்து இன்னொரு தீவு, அங்கிருந்து எங்கள் தீவு. இல்லாவிட்டால் ரொறன்ரோ வழி. இல்லாவிட்டால் அமெரிக்கா வழி.

“சிக்கல் என்னண்டா அன்ரி, இறங்குற இடத்துக்கு விசா வேணாம். மாறுற இடத்துக்கு வேணும். லண்டனால போனாலும் வேணும், கனடாவால போனாலும் வேணும். அமெரிக்காவெண்டாச் சொல்லவே தேவையில்ல.”

“நாங்கள் அங்கை இறங்கப் போறதில்லையே! விமானம் மாறத்தானே போறம்?”

“மாறுறதுக்கும் வேணும்.”

“இது என்ன நியாயம்? கடல் குளிக்கப் போறவளை வழியிலை மறிச்சு வைச்சு ஆரெண்டு கேக்கிறதோ?” நான் கத்தியதில் கீழே கடையில் நின்றவர்கள் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். நஸ்ரி பாவம், நியாயத்துக்கு அவன் பொறுப்பில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தான்.

“விண்ணப்பிச்சுப் பாப்பம். நான் கொம்பியூட்டரில ஏத்த முன்ன இந்தத் தாள நிரப்பித் தாங்க. ஒரு விசயம். உங்கள ஆர் கூப்பிடுறாங்களோ அவங்ககிட்ட ஒரு அழைப்புக் கடிதம் வாங்கணும். அது இல்லாட்டிக் கஷ்டம். வயசான ரெண்டு பேரு சும்மா கடல் குளிக்க அவ்வளவு தூரம் போறாங்க எண்டா வெள்ளக்காரன் நம்ப மாட்டான்.” பள்ளிவாசலில் மஃரிப் அந்தித் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவன் தொப்பியை எடுத்தான். “நான் தொழுதிட்டு வாறன், நீங்க நிரப்புங்க,” என்று சொல்லிப் படியிறங்கினான்.

தாளைப் பார்த்தேன். பெயர், பிறந்த திகதி, தொழில். எல்லாம் நிரப்பினேன். ஒன்பதாவது கட்டம்: உங்களை அழைப்பவரின் பெயர். பத்தாவது: அவர் உங்களுக்கு என்ன உறவு. பேனை நின்றுவிட்டது. தயாளினி, தங்கை என்று எழுத எத்தனை நேரம் செல்லும்? ஆனால் அவள் என்னை அழைக்கவில்லையே. பொய் எழுதினவர்களை எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன், இப்போது நானே எழுதுவதா? வெறுமையாக விடவும் என் கை விடவில்லை.

“எடும்,” என்றார் சோமசேகரம்.

“எதை?”

“ரெலிபோனை. அங்கை இப்ப விடிஞ்சிட்டுது.”

பதினொரு வருடத்தில் முதல்தரம் அவளுடைய இலக்கத்தை அமத்தினேன். இரண்டு தரம் மணி அடித்ததும் எடுத்துவிட்டாள்.

“அக்கா?” ஒரு மூச்சு. “ஆருக்கு என்ன? அத்தானுக்கு ஏதுமோ?”

நான் எடுத்தால் அது செத்தவீட்டுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துவிட்டாள். அது எனக்குச் சுட்டது. “ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. எல்லாரும் சுகம்,” என்றேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் கச்சேரிக் குரலில் சொன்னேன்: “எனக்கு ஒரு அழைப்புக் கடிதம் வேணும். உந்தத் தீவுக்கு வாறதுக்கு. படிவத்திலை கேட்டிருக்கினம்.”

அந்தப் பக்கம் கோப்பைக்குள் கரண்டி கலக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

“உங்களுக்கு அழைப்பு என்னத்துக்கு, அக்கா?” என்றாள்.

குத்திக் கதைக்கவில்லை, மெல்லத்தான் சொன்னாள். இப்போது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, இந்த வசனத்தை நான் எங்கே கேட்டேன் என்று. கேட்கவில்லை, சொன்னேன். பதினொரு வருடத்துக்கு முந்தி, காட்டுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது, தயாளினிக்கு எப்போது ரெலிபோன் எடுக்கப்போகிறாய் என்று யாரோ கேட்க, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: “அவளுக்கு அழைப்பு என்னத்துக்கு?”

“அதை ஆர் உனக்குச் சொன்னது?”

“ஆரோ சொல்லிச்சினம். காட் வாறதுக்கு முன்னம் அது வந்து சேந்திட்டுது.”

“தயா, அது உரிமையிலை சொன்னதடி.”

“எனக்கு என்னெண்டு தெரியும்? லீவு எடுத்தனான் அக்கா. டிக்கெற் எடுத்தனான். சீலையும் எடுத்து, சட்டையும் தைச்சு வைச்சனான். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா ஏறுறதெண்டு மூண்டு கிழமை ரெலிபோனுக்குப் பக்கத்திலை இருந்தனான். சாம்பல்தீவு மாமா வீட்டுக்கு மூண்டு தரம் போனியளாம். எனக்கு ஒருக்கா எடுக்க ஏலாமப் போச்சோ?”

டிக்கெற் எடுத்திருந்தாளாம். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அவள் அங்கே தைத்த சட்டையோடு ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என் மேலேயே கோபம், அவள் மேலும் கோபம்.

“சொல்லியிருக்கலாமே நீ!”

“நீங்கள் சொல்லியிருக்கலாமே.”

சோமசேகரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவருடைய காதைப் பார்த்தாலே தெரிந்தது.

“சரி, ஒண்டு மட்டும் சொல்லு,” என்றேன். அப்போதும் என் கொப்பியின் கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. “ஏன் உந்தத் தீவு? ஈரப்பலாக்காயும் மீனும்தான் அங்கையும். கடல் இஞ்சை இல்லையோ?”

“இருக்கு. அது உங்கட ஊர்க் கடல். அங்கை வந்திட்டு உங்கட வீட்டுக்கு வராமப் போக ஏலுமோ? கூப்பிடாம என்னெண்டு வாறது?” அவள் மூக்கை உறிஞ்சினாள். “எங்கை போனா ஆரும் ஆரையும் கூப்பிடத் தேவையில்லை எண்டு யோசிச்சன். கடற்கரைக்கு ஆரும் வரலாம்தானே அக்கா. நீங்களும் வரலாம், நானும் வரலாம். சும்மா வழியிலை கண்ட மாதிரி.”

இதற்காக உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு வீடு எடுத்திருக்கிறாள். நான் இதற்காக இடுப்பளவு கொடுத்து உடுப்புத் தைக்கிறேன். ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமல் தப்புவதற்கு இருவருமாக நாலு விமானம் மாறப் பார்த்தோம்.

நான் எழும்பினேன். “இஞ்சருங்கோ, எழும்புங்கோ,” என்றேன் மனுசனிடம்.

“ஏன்?”

“எழும்பி எனக்குப் பக்கத்திலை நில்லுங்கோ எண்டுறன்.”

அவருக்கு விளங்கிவிட்டது. சறத்தைச் சரிப்பண்ணிக்கொண்டு வந்து நின்றார். நஸ்ரியின் கடையில், விமானப் படங்களுக்கு நடுவில், நாங்கள் இருவரும் சாம்பல்தீவு மாமாவின் முன்னால் நின்ற மாதிரியே நின்றோம். ரெலிபோனின் ஸ்பீக்கரைப் போட்டேன்.

“தயா, நானும் அத்தானும் சேந்து நிண்டு சொல்லுறம். வாயாலை சொல்லுறன், கேள். தையிலை உனக்கு அறுபது. எங்கட வீட்டுக்கு வா. குடும்பமாய் வந்து நிண்டு நடத்தித் தா.”

ரெலிபோனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

“கேட்டுதோ?”

“கேட்டுது,” என்றாள்.

“தையிலை வேண்டாம், பிள்ளை,” என்றார் சோமசேகரம் குனிந்து. “தையிலை உந்தத் தீவுக்குப் போய்ப் பிள்ளையளோடை இருந்திட்டு வாரும். இஞ்சை வைகாசியிலை வாரும். கடல் படுத்திருக்கும்.”

“அத்தான், பிறந்தநாள் தையிலையெல்லோ?”

“வைகாசியிலையும் உமக்கு அறுபதுதானே?”

தயாளினி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எவ்வளவு காலமாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அலைக்கு ஓடினவளின் அதே சிரிப்பு, கொஞ்சமும் மாறவில்லை. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “அக்கா, திரும்பச் சொல்லுங்கோ,” என்றாள்.

“எத்தினை தரமடி சொல்லுறது?”

“சாம்பல்தீவுக்கு மூண்டு தரம் போனியளெல்லோ?”

இரண்டாம் தரமும் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லும்போது நஸ்ரி படியேறி வந்து கதவடியில் நின்றான், அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தும் நான் அழுதுகொண்டே சொன்னேன்.